பாதியில் நிற்கும் பாட்டு

பாட்டுகள் வேறு எதையும் பார்த்துப் போட்டவை அல்ல என்ற சான்றிதழ் இல்லாமல் எந்த இசை நாடகமும் மேடையேற முடியாது. ஜெபராஜின் நாடகத்தில் பத்துப் பாட்டுகள் தேறிவிட்டன. பதினோராவது தேறவில்லை. சரணத்தின் நடுவே சட்டென்று நின்றுபோகும் அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் ஒத்திகையில் எல்லோரும் அழுதார்கள்.

"இந்த மெட்டு ஏற்கெனவே பதிவாகியிருக்கு சார்," என்றாள் சோதனை அதிகாரி மரகதவல்லி.

"வாய்ப்பே இல்ல மேடம். ஒவ்வொரு ஸ்வரமும் நான் போட்டது. யாரு பாடுனதாம்?"

அவள் திரையைப் பார்த்தாள். "வீட்டுல பேசுறதையெல்லாம் கேட்டுப் பதியுற ஸ்மார்ட் ஸ்பீக்கர் ஒண்ணுல பதிவானது சார், ஒன்பது வருஷம் முன்னாடி. பாடினது அக்சா, வயசு ஏழு. முகவரி உங்க வீடுதான்."

ஜெபராஜ் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். மகளை அடக்கம் செய்து எட்டு வருடம் ஆகிறது.

"போடுங்க."

குழந்தை வார்த்தையில்லாமல் பாடிக்கொண்டிருந்தாள். அதே மெட்டு, அதே சரணம். அவர் எத்தனையோ மாதம் முட்டிமோதியும் தாண்ட முடியாத அந்த இடம் வந்தது. அவள் மூச்சை இழுத்துக்கொண்டு மேலே போக எழும்பினாள்.

"சும்மா கெட அக்சா!" என்றது ஓர் ஆண்குரல். "அப்பா பாட்டு போடுதேன்லா."

அதற்குப் பிறகு பதிவில் சத்தமே இல்லை.