பச்சைக் கதவு, மூணு படி

"சார், ‘பச்சைக் கதவு, மூணு படி, வாசல்ல தண்ணித் தொட்டி’ன்னு உலகத்துல யாராவது தேடுவாங்களா?"

கேட்டவள் அந்தக் கடைக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்தவள். கடைக்காரர், முதலாளியும் வேலையாளும் தானே ஆன மோட்டார் ரிப்பேர்காரர், ஒரு பழைய தண்ணீர் மோட்டாரின் வயிற்றுக்குள் கையை விட்டபடியே, "தேடுவாங்கம்மா" என்றார்.

மூன்று மாதமாக இதே பாட்டுதான். கல்லில் நார் உரிப்பதுகூடச் சுலபம் என்று அவளுக்குத் தோன்றத் தொடங்கியிருந்தது. இந்தக் கடையை இன்டர்நெட் தேடலில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து காட்டினால், தெருவிலுள்ள மற்ற ஆறு கடைக்காரர்களும் தங்கள் வெப்சைட்டை அவளிடமே தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இருந்த வேலையை உதறிவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கியவள். இது போனால் எல்லாம் போனது. இவரோ தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று உட்கார்ந்திருந்தார்.

"இங்க பாருங்க சார். ஒருத்தர் குளிச்சிட்டிருக்காரு. மோட்டார் நின்னுபோச்சு, குழாய்ல தண்ணி இல்ல. தலையெல்லாம் சோப்பு நுரை. அவசரமா என்ன தேடுவாரு?"

"துண்டை."

அவள் கண்ணை மூடி, பத்து வரை எண்ணித் திறந்தாள்.

"போனை எடுத்து, ‘தண்ணி மோட்டார் ரிப்பேர், பக்கத்துல’ன்னு தேடுவாரு. ஜனங்க எதைத் தேடுறாங்களோ அந்த வார்த்தைதான் வெப்சைட் தலைப்புல இருக்கணும். இதுதான் சார் அரிச்சுவடியே. நீங்க என்னடான்னா தலைப்புல கதவு கலரை எழுதச் சொல்றீங்க. அதுவும் கடைக் கதவுகூட இல்ல, பக்கத்துல இருக்கிற உங்க வீட்டுக் கதவு!"

"மோட்டாரைக் கீழ எங்கயாவது போட்டுக்கம்மா. கதவு மேலயே இருக்கட்டும்."

"கீழ போட்டா கடையும் கீழதான் நிக்கும். நாலாவது பக்கம் வரைக்கும் எவனும் வரமாட்டான்."

அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை. பேச்சு நடக்கும்போதெல்லாம் அவர் கண் தெருவில்தான் இருந்தது. இவ்வளவு தூரம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறோமே, ஒரு மரியாதைக்காவது முகத்தைப் பார்க்கக் கூடாதா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

கதவாவது தொலையட்டும். முதல் மாதம் தலைப்பில் அவர் பெயர் இருந்தது. போன மாதம் திடீரென்று கூப்பிட்டு, "என் பேரை எடுத்துடும்மா" என்றார். சொந்தக் கடையிலிருந்து சொந்தப் பெயரை எடுக்கச் சொன்ன மனுஷனை அவள் அதுவரை கண்டதில்லை. போன வாரம் இன்னொரு கூத்து. ‘நீலத் தண்ணித் தொட்டி’ வேண்டாமாம், ‘தண்ணித் தொட்டி’ போதுமாம். வாரம் ஒரு வார்த்தையாகத் தலைப்பு தேய்ந்துகொண்டே வந்தது.

"சரி, அந்தக் கதவுக்காவது பெயின்ட் அடிங்க சார். போட்டோவுல பார்த்தா ஆள் இல்லாத வீடு மாதிரி இருக்கு. நல்ல பிரவுன் அடிச்சா..."

ஸ்குரூ டிரைவர் பாதியில் நின்றது.

"அந்தக் கதவை மட்டும் யாரும் தொடக் கூடாது."

இனி பேசிப் பயனில்லை என்று அவள் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

"இந்த மாச ரிப்போர்ட். மோட்டார் ரிப்பேர்னு தேடினவங்க இருநூறு பேரு. அத்தனை பேரும் பக்கத்துத் தெருக் கடைக்குப் போயிட்டாங்க. பச்சைக் கதவுன்னு தேடினவங்க பதினோரு பேரு. வேலைவெட்டி இல்லாத அந்தப் பதினோரு பேரும் உங்க நம்பருக்குக் கூப்பிட்டிருக்காங்க. ஒருத்தராவது மோட்டார் கொண்டுவந்தாங்களா?"

"இல்லம்மா." அவர் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். "பதினோரு தடவையும் நம்ம கடைதானே முதல்ல வந்தது?"

"வரும் சார், வேற எந்தக் கடைக்காரன் கதவைப் பத்தி எழுதுறான்?"

அவர் திருப்தியாகத் தலையாட்டினார். அவளுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. கிரீஸ் கையைத் துடைக்காமலே எடுத்தார்.

"ஆமாங்க... ஆமாங்க, பச்சைக் கதவுதாங்க. மூணு படி இருக்கு. பக்கத்துல என்னங்க தெரியுது? மருந்துக் கடையா? அங்கேயே நிழல்ல நில்லுங்க, எங்கயும் போயிடாதீங்க. இதோ வந்துட்டேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு ஷட்டரைப் பாதி இறக்கினார். அவளுக்குப் பொறுமை அற்றுப்போனது.

"பன்னிரண்டாவது ஆளா? கஸ்டமரைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றதுக்கு எதுக்கு சார் வெப்சைட்? என் பிழைப்புலயும் மண்ணை அள்ளிப் போடுறீங்க. இப்பவே அந்தத் தலைப்பைத் தூக்கிடறேன்!"

அவள் விரல் லேப்டாப்பின் டெலீட் பொத்தான் மேல் போனது.

"தூக்கிடாதம்மா!"

மூன்று மாதத்தில் அவர் குரல் உயர்ந்து அவள் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தாள். ஒரு காலில் மட்டும் செருப்போடு வாசலில் நின்றார்.

"பன்னிரண்டு பேரு இல்லம்மா, எல்லாம் ஒரே ஆளு, என் வீட்டுக்காரி. வெளிய போனா வழி மறந்துடறா. போன்கிட்ட வாயால வழி கேட்டா, முதல்ல வர்ற நம்பருக்கு அது கூப்பிட்டுக் கொடுக்கும்கிறது மட்டும் பழக்கத்துல நிக்குது. என் பேரையே போன மாசம் மறந்துட்டா, கதவைத்தான் இன்னும் மறக்கல."