எட்டு மாதச் சிரிப்பு

"சிரி கண்ணு."

"எதுக்குமா சிரிக்கோணும்?"

அவள் ஒலிப்பதிவை அழுத்தினாள். போனை மகளின் வாயருகே நீட்டியபடி நின்றாள்.

இன்று ஏழாவது நாள். ஐந்து மணிக்குள் ஆதாரம் போயாக வேண்டும்.

தான் அரைத்து விற்கும் சத்துமாவுக்கு அவளே ஒரு விளம்பரம் எடுத்திருந்தாள். கடைசியில் ஒரு குழந்தை கலகலவென்று சிரிக்கும். மகள்தான். எட்டு மாதத்தில் சிரித்தது.

இணையத்தில் ஏற்றிய மறுநாளே முடக்கிவிட்டார்கள்.

அந்தச் சிரிப்பு ஏதோ ஒரு இசை நிறுவனத்துக்குச் சொந்தமாம். உங்களுடையது என்றால் ஏழு நாளுக்குள் மூலப்பதிவை அனுப்புங்கள் என்று கடிதம்.

பெற்றவளிடமே கேட்கிறார்கள். முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஆறு வருடத்துக்கு முன்பு, இலவசமாக ஒலிகள் கிடைக்கும் தளம் ஒன்றில் மழைச் சத்தமும் குக்கர் விசிலும் எடுத்திருந்தாள். சும்மா எடுத்துக்கொண்டே இருந்தால் எப்படி? தன் பங்குக்கு மகளின் சிரிப்பை ஏற்றினாள். 'யாரும் எடுக்கலாம், வியாபாரத்துக்கும்' என்ற கட்டத்தில் தாராளமாக ஒரு டிக்.

எவனோ எடுத்தான். பின்னால் கொஞ்சம் தாளம் சேர்த்தான். தன் பாட்டு என்று பதிவும் செய்துகொண்டான்.

மூலப்பதிவு இருந்த பழைய போனைக் கொடுத்துத்தான் இந்தப் போனை வாங்கினாள். தளத்திலிருந்து இறக்கியது செல்லாதாம். அது யாரிடமும் இருக்குமாம்.

தெரிந்த வக்கீலைக் கேட்டாள்.

"குடுத்தது நீங்கதானுங்களே" என்றார்.

அதனால்தான் இந்தப் புதுப் பதிவு. அதே குழந்தை, அதே சிரிப்பு என்று காட்டிவிட்டால்?

மகள் சிரித்தாள். முன்பற்கள் விழுந்த இடத்தைக் கையால் மூடிக்கொண்டு, ஹிஹி என்று.

கையை எடுக்கச் சொன்னாள். கிச்சுக்கிச்சு மூட்டினாள். கெஞ்சினாள்.

விளம்பரத்தில் இருந்த சிரிப்பையும் இதையும் அடுத்தடுத்து ஓடவிட்டாள்.

ஒட்டவே இல்லை. பெற்றவள் காதுக்கே வேறு யாரோ போல் இருந்தது.

மகள் பழையதை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"யாருமா இந்தப் பாப்பா? நல்லாச் சிரிக்குது."

ஐந்தாக நாலு நிமிடம்.

'உரிமை கோரவில்லை' என்ற கட்டத்தைத் தேடி டிக் போட்டாள்.

"தெரியல கண்ணு" என்றாள்.