எதிர் மரை

கதவுக்கு வெளியே பேட்டரி டிரில் உறுமிவிட்டுச் சட்டென்று நின்றது. உள்ளே அடைபட்டுக் கிடந்தவள் கதவோரம் நகர்ந்தாள். புருஷன் வீடு திரும்பும் நேரம். காதைத் தெருவிலேயே வைத்திருந்தாள்.

"டிரில்லோட வாய், இந்த சக்கு, திறந்தபடியே சிக்கிக்கிச்சு, துளை போடுற பிட்டைப் பிடிக்கல," என்று வெளியிலிருந்து கிசுகிசுத்தது அக்காவின் குரல். "கொண்டுவந்த புது சக்கை மாட்டலாம்னா, இதுக்குள்ள இருக்கிற ஸ்க்ரூ அசைய மாட்டேங்குது."

அவள் கதவிடுக்கில் வாயை வைத்தாள்.

"அக்கா, அது எதிர் மரை, மத்த ஸ்க்ரூவுக்குத் தலைகீழ், வலப்பக்கம் திருப்பினாத்தான் கழலும். அப்புறம் சக்கை இடப்பக்கமா தட்டிக் கழட்டு. டூல்ஸ் கடையில வேலை பார்த்தவ சொல்றேன். சீக்கிரம்க்கா, அந்தாளு வந்தா நம்ம ரெண்டு பேரையும் உயிரோட விடமாட்டான்!"

சுத்தியல் தட்டும் ஓசை கேட்டது. புது சக்கோடு டிரில் மறுபடி உறுமியது. புருஷன் வெளியே போட்டுவிட்டுப் போயிருந்த பூட்டு துளைபட்டு உடைந்து விழுந்தது.

தெருமுனையில் பைக் சத்தம் கேட்டது.

அக்கா டிரில்லைக் கீழே வைக்கவில்லை.