குளிர்ப் பங்கு

கோத்தகிரியில் உறைபனி விழுவது நின்ற பிறகு குளிரும் பங்கீட்டில்தான் கிடைத்தது. வீட்டுக்கு ஓர் அறை. பிலோமினா அந்த அறையைப் பார்லிக்குக் கொடுத்திருந்தாள்.

இடித்த தேவாலயத்தின் அடிக்கல்லுக்குள், ஒரு கண்ணாடிக் குப்பியில் அவள் தேடிக் கண்டுபிடித்த பழைய மலைப் பார்லி அது. எல்லாவற்றையும் விதைத்ததில் ஒரு தொட்டி அளவுதான் முளைத்தது. சில வாரங்கள் கடுங்குளிர் பட்டால்தான் கதிர் விடும். கதிர் வந்தால் விதை, பிறகு வயல், பிறகு அவளுடைய சிறிய ஆலையில் பீர்.

அந்தக் குளிர் வாரங்களின் பாதியில், வெளி வெக்கை தாங்காமல் அவளுடைய கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது.

"பிள்ளையையும் அந்த ரூம்லயே படுக்க வைப்போமா?" என்றாள்.

"வெறைச்சுப் போயிருவான் பிலோ. அவன் என்ன பீர் பாட்டிலா?" என்றான் கணவன் சேவியர்.

அவள் எழுந்துபோய், குழந்தை தூங்கும் அளவுக்குக் குளிரைத் தானே குறைத்தாள். தொட்டியை மட்டும் வெளியே எடுக்கவில்லை.

காய்ச்சல் இறங்கியது. பார்லியும் செழித்து வளர்ந்தது, வெறும் இலையாக. மாதங்கள் போயும் கதிர் வரவில்லை. இலை நுனிகள் மஞ்சளாகப் பழுக்கத் தொடங்கின.

ஒரு மதியம் அவள் மடியில் இருந்த குழந்தை கையை நீட்டி ஓர் இலையைப் பிய்த்து, ஈறால் மென்றது. முகத்தைச் சுளித்தது. பிறகு இன்னொன்றுக்குக் கை நீட்டியது.

அந்தப் பார்லியை வாயில் வைத்தவர் உயிரோடு வேறு யாரும் இல்லை.

"எப்படிடா இருக்கு?" என்று கேட்டாள் பிலோமினா.