கோமாவுல மின்மினி, குளத்துல இடிவீரன்

“ஒரே வீட்ல இருந்துகினு மூணு மாசமா பேசாம இருந்தா இன்னாக்கா அர்த்தம்? ரெண்டு பேரும் இன்னிக்கு ஒரு முடிவு சொல்லுங்க!”

அஸ்தினாபுரத்துல ஒரு ஃபிளாட். ஹால் நடுவுல நின்னுகினு கத்துனாரு ஹிதாயத்துல்லா. சோபாவோட இந்தக் கோடியில கிறிஸ்டினா, அந்தக் கோடியில அவங்க வீட்டுக்காரர் சவுரிமுத்து. நடுவுல இன்னும் ரெண்டு பேர் தாராளமா உக்காரலாம்.

ஹிதாயத்துல்லா சொந்தக்காரர் கிடையாது. மேற்குத் தாம்பரத்துல ‘புறநகர்ப் படை’ன்னு மாசா மாசம் ஒரு காமிக்ஸ் போடறவரு. ஆறு சூப்பர் ஹீரோ சேர்ந்து ஜி.எஸ்.டி. ரோட்டைக் காப்பாத்தற கதை.

எழுதறது இந்தப் புருஷன் பொண்டாட்டிதான். அவர் நாலு பக்கம் எழுதி நோட்டை ஃப்ரிட்ஜ் மேல வெப்பாரு. இவங்க எடுத்து அடுத்த நாலு பக்கம் எழுதுவாங்க. எட்டு வருஷமா நல்லாத்தான் போச்சு.

மூணு மாசம் முன்னாடி, கிறிஸ்டினா ஆசை ஆசையா உருவாக்குன ஹீரோயின் மின்மினியை, ஒரு வார்த்தை கேக்காம, ஒரே கட்டத்துல கோமால படுக்க வெச்சுட்டாரு சவுரிமுத்து. இவங்க சும்மா இருப்பாங்களா? அவரோட செல்லப்பிள்ளை இடிவீரனை வண்டலூர் ஜூவுல நீர்யானைக் குளத்துல இறக்கி, மேல கூண்டைப் போட்டு மூடிட்டாங்க. அன்னிலேர்ந்து பேச்சு கட். நோட்டு மட்டும் ஃப்ரிட்ஜுக்கும் மேஜைக்கும் நடந்துகினு இருந்துச்சு.

“கதையா இது? அண்ணன் வண்டலூருக்கு ஓட்டுனா, அக்கா அடுத்த பக்கத்துலயே குரோம்பேட்டைக்குத் திருப்பறாங்க. நாலாம் பக்கத்துல பாலம் வெடிக்குது, அஞ்சாம் பக்கத்துல அதே பாலத்துல பஸ் போவுது. கேட்டா, வெடிச்சது கனவாம்! படிக்கறவன் காலைலேர்ந்து ‘அடுத்தது எப்போ, அடுத்தது எப்போ’ன்னு ஃபோன் போட்டு உயிரை வாங்கறான். பேஜாரா கீது.”

மூணு மாசமா கடைகள்லேர்ந்து விக்காத புக்குன்னு ஒண்ணு கூடத் திரும்பி வரல. ஸ்கூல் லீவு, அதான் தப்பிச்சோம்னு நினைச்சுகினு இருந்தாரு ஹிதாயத்துல்லா. லீவு முடிஞ்சா கடையை மூட வேண்டியதுதான். பதினெட்டு வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்த பத்திரிகை.

கிறிஸ்டினா வாயைத் திறந்தாங்க. புருஷனைப் பார்க்காமதான்.

“பாய், அவர்கிட்ட கேளுங்க. மின்மினி அவருக்கு இன்னா கெடுதல் பண்ணா?”

“பாய், அவங்ககிட்ட சொல்லுங்க. என் ஆளு மூணு மாசமா தண்ணியில நிக்கறான். சளி புடிச்சு, ‘இடிவீரன்’னு பேரு சொல்லக்கூட குரல் வரல.”

கிறிஸ்டினாவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அடக்கப் பார்த்தாங்க, முடியல. “நீர்யானை ஒண்ணும் பண்ணலியா?”ன்னு நேரா அவரைப் பார்த்தே கேட்டாங்க.

“அதுவே பாவம் பார்த்து ஒதுங்கி இடம் கொடுத்துச்சு. உனக்குதான் மனசே இல்ல.”

அவ்ளோதான். மூணு மாசப் பனி மூணு நிமிஷத்துல உருகிடுச்சு. சோபா நடுவுல இருந்த இடமும் காணாமப் போச்சு. ரெண்டு பேரும் ஒரே நோட்டுல குனிஞ்சு, “நீ சொல்லு”, “இல்ல நீ சொல்லு”ன்னு ஒரு மணி நேரத்துல பதினாறு பக்கத்தையும் எழுதி முடிச்சுட்டாங்க.

“அல்ஹம்துலில்லாஹ்!”ன்னு கண்ணு கலங்கிப் போய் நோட்டை வாங்குனாரு ஹிதாயத்துல்லா.

முதல் பக்கத்துல மின்மினி கண்ணு முழிச்சா. ரெண்டாம் பக்கத்துல இடிவீரன் தலையைத் துவட்டிகினு வெளிய வந்தான். மூணாம் பக்கத்துல ஆறு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மன்னிச்சாங்க. நாலாம் பக்கத்துல வில்லனே வந்து சரண்டர்.

மிச்சம் பன்னெண்டு பக்கமும் எல்லாரும் உக்காந்து பிரியாணி சாப்பிட்டாங்க. அதுல ஒரு பக்கம் ஃபுல்லா தயிர்ப் பச்சடி.

ஹிதாயத்துல்லாவுக்குக் கொட்டாவி வந்துச்சு. அந்த நேரம் பார்த்து ஃபோன். வண்டலூர்லேர்ந்து ஜெபராஜ்னு ஒரு வாசகர்.

“பாய், மின்மினி எழுந்தாளா இல்லியா, அத மட்டும் சொல்லிடுங்க. ட்ரெயின்ல எங்க செட்டே ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு கீது. மூணு மாசமா இன்னா இழுப்பு பாய்! என் தங்கச்சி புருஷன் ஒருத்தன்... எட்டு வருஷமா நான் புக்கைக் கொடுத்தா தொடக்கூட மாட்டான். இப்ப எனக்கு முன்னாடி கடையில போய் நிக்கறான்.”

ஃபோனை வெச்சாரு. ஸ்கூல் லீவு முடிஞ்சு ஒன்றரை மாசம் ஆச்சுன்றது அவருக்கு அப்பதான் உறைச்சுது.

எதிர்ல புருஷனும் பொண்டாட்டியும் ஒரே தட்டுல முறுக்கைப் பிட்டுப் பிட்டு சாப்பிட்டுகினு இருந்தாங்க. பார்க்கவே அவ்ளோ அழகு.

ஹிதாயத்துல்லா தொண்டையைச் செருமினாரு.

“இந்த வாட்டி அட்டையில உங்க பேரைப் போடலாம்னு கீறேன்... யாரு பேரு முதல்ல?”