நீல விளக்கு

"ஹார்லன், அடுத்த பலியாடு வருது!" என்றான் பக்கத்து மேஜை டுவெயின், கையில் காப்பிக் கோப்பையோடு.

ஒஹாயோவில், 1996 வசந்தத்தில், அந்தக் கண்காட்சிக் கொட்டகை முழுக்கப் பழைய ராணுவச் சாமான்தான். ஹெல்மெட், தண்ணீர்க் குடுவை, கூடாரத் துணி, பதக்கம். மற்ற மேஜைகளில் பேரம் நடக்கும். ஹார்லன் பிரூட்டின் மேஜையில் மட்டும் தீர்ப்பு நடக்கும்.

அவரிடம் ஒரு நீல விளக்கு உண்டு. கறுப்புத் துணிக்குள் வைத்துக் காட்டினால் உலகப் போர்க் காலத்து நூல் மங்கிக் கிடக்கும், பின்னால் வந்த நூல் பளிச்சென்று மின்னும். மின்னினால் போலி. அதைக் கொட்டகைக்கே கேட்கிற மாதிரி சொல்வார் ஹார்லன். ஈவு இரக்கம் பார்க்கிற வழக்கமில்லை.

போன வருஷம் இப்படித்தான் ஒருவர் கொண்டுவந்த கோட்டு மின்னிவிட்டது.

"போருக்கே போகாம போர் வீரரா ஆயிட்டீங்களோ?" என்று கேட்டார் ஹார்லன். கொட்டகை சிரித்தது. அந்த மனுஷன் கோட்டை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனவர்தான், திரும்பி வரவேயில்லை. அவர் பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டோடு அது இன்னும் மேஜைக்கடியில் ஒரு அட்டைப்பெட்டியில் கிடக்கிறது. பெட்டி காலில் இடிக்கும்போதெல்லாம் ஹார்லனுக்குச் சுருக்கென்று இருக்கும்.

இப்போது வந்தவர் வெர்ஜில் ஸ்டாம்பர். சக்கர நாற்காலி, மூக்கில் பிராணவாயுக் குழாய், மடியில் ராணுவக் கோட்டு. தள்ளிக்கொண்டு வந்தது மனைவி நேடின்.

"பாராசூட் படை. பிரான்ஸ்ல குதிச்சப்போ போட்டிருந்தது" என்றார் வெர்ஜில். "எங்க ஊர் நூலகத்துல கண்ணாடிப் பெட்டியில வைக்கறாங்களாம். அசல்னு உங்க கையெழுத்து இருந்தாத்தான் வைப்போம்னுட்டாங்க. நான் இருக்கும்போதே அதப் பாத்துடணும் சார்."

"என்ன பெருசு, அப்படி என்ன அவசரம்?" என்றான் டுவெயின்.

"அவசரம் எனக்கில்ல தம்பி, என் டாக்டருக்கு."

ஹார்லனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"தோள்ல தைச்சிருக்கற அந்தத் துணி பேட்ஜைப் பாருங்க. அம்பத்திரண்டு வருஷமா பிரிச்சதே இல்ல. என்னோட சேர்ந்து ஆத்துல நனைஞ்சது அது" என்றார் வெர்ஜில்.

நேடின் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றாள்.

ஹார்லன் கறுப்புத் துணியை விரித்து விளக்கைப் போட்டார். வேடிக்கை பார்க்க டுவெயின் ஒரு பக்கம் தலையை விட்டான். இன்னொரு பக்கம் நேடினும் குனிந்தாள்.

கோட்டு மங்கலாகத்தான் இருந்தது. பேட்ஜ் பளிச்சென்று மின்னியது.

"மாட்டிக்கிட்டாருடா பெருசு" என்று கிசுகிசுத்தான் டுவெயின்.

கோட்டை எங்காவது வாங்கியிருப்பார், பேட்ஜைத் தைத்திருப்பார். இப்படி எத்தனை பேரைப் பார்த்தாயிற்று! ஹார்லன் துணியை விலக்கி நிமிர்ந்தார். அதற்குள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். ஓசியில் ஒரு கூத்து பார்க்க யாருக்குத்தான் கசக்கும்?

நாற்காலியில் வெர்ஜில், தளபதி முன்னால் நிற்கிற மாதிரி, முதுகை நிமிர்த்தப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்.

ஹார்லனின் காலில் அட்டைப்பெட்டி இடித்தது.

"அசல்" என்றார் ஹார்லன், கொட்டகைக்கே கேட்கிற மாதிரி.

டுவெயின் வாயைப் பிளந்தான். "ஹார்லன், அது மின்..."

"உன் காப்பி ஆறுது. போய்க் குடி."

சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். இருபது வருஷத்தில் அவர் போட்ட முதல் பொய்க் கையெழுத்து அது. வெர்ஜில் சல்யூட் அடித்தார். கண்ணீர் வந்தது.

காரை நிறுத்தப் போயிருந்த மகள் வந்து அவரைக் காருக்குத் தள்ளிக்கொண்டு போனாள். நேடின் மட்டும் திரும்பி வந்தாள்.

"தம்பி, அது மின்னிச்சு. நானும் பாத்தேன்."

"விடுங்கம்மா" என்றார் ஹார்லன் தணிந்த குரலில். "கடைசிக் காலத்துல ஒரு மனுஷன் ஒரு பொய் சொல்லிட்டா என்ன குடியா முழுகிப் போச்சு? நான் மூச்சு விட மாட்டேன்."

"பொய்யா? அவரா?" நேடினின் முகம் சிவந்தது. "எழுபத்தொண்ணுல இஸ்திரி போடறேன்னு பேட்ஜைப் பொசுக்கினவ நான். அவரு வேலையிலேருந்து வர்றதுக்குள்ள, ராணுவ மிச்சச் சாமான் கடையில அதே மாதிரி ஒண்ணு வாங்கித் தைச்சு மாட்டிட்டேன். இன்னிவரைக்கும் அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா தாங்க மாட்டாரு. இங்க இப்படி ஒரு விளக்கு இருக்குன்னு யாரு கண்டா? என் ஊசிவேலையால அவரு தலைகுனிஞ்சிருப்பாரு. நல்லவேளை, நீங்க காப்பாத்திட்டீங்க."

கைப்பையிலிருந்து ஒரு கருகின துணித்துண்டை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"தூக்கிப் போட மனசு வராம பையிலேயே வச்சிருக்கேன். இத வச்சுப் பாருங்க."

ஹார்லன் அதைக் கறுப்புத் துணிக்குள் வைத்து விளக்கைக் காட்டினார். கருகாத ஓரம் துளிகூட மின்னவில்லை.

அவள் போன பிறகு விளக்கை அணைத்தார். குனிந்து, மேஜைக்கடியிலிருந்த அட்டைப்பெட்டியை வெளியே இழுத்தார். கோட்டில் குத்தியிருந்த சீட்டை எடுத்தார்.

"டுவெயின், சில்லறை இருக்கா? ஒரு போன் பண்ணணும்."