அர்ச்சனைத் தட்டில் ஒரு சாவி

நீலகிரியில் கட்டபெட்டு ஊர்க்காரி உமாராணி ஒரே நாளில் மூன்று மலைக்கோயில்களுக்குக் குடும்பத்தைக் கிளப்பிக்கொண்டு போனது மகனுக்காகத்தான். ஹரிஹரசுதன் மறுநாள் காலை புது பைக்கில் மலையிறங்கி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறான். அர்ச்சனைத் தட்டில் பைக் சாவியையும் வைத்திருந்தாள்.

முதல் கோயிலில் நாலு பேரின் பெயரும் நட்சத்திரமும் சொன்னாள். அர்ச்சகர் அவள் பெயர், கணவர் பெயர், மகள் ஜீவிதாவின் பெயர் சொல்லித் தீபாராதனை காட்டிவிட்டார்.

"சாமி, பையன் பேரு உட்டுப்போச்சுங்க."

"எல்லாருக்கும் சொல்லியாச்சுங்கம்மா" என்று விபூதியைக் கொடுத்தார்.

இரண்டாவது கோயிலில் வேறு அர்ச்சகர். அங்கேயும் அதே மூன்று பெயர்கள்தான் வந்தன.

"கூட்டத்துல உன்ற காதுல உழுந்திருக்காது" என்றார் கணவர். மகன் சிரித்தான்.

மூன்றாவது கோயிலில் கூட்டமே இல்லை. வாசல்வரை பனிமூட்டம் வந்திருந்தது. உமாராணி மற்றவர்களை விட்டுவிட்டு, "ஹரிஹரசுதன், உத்திராட நட்சத்திரம்" என்று மட்டும் சொன்னாள். அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு, இன்னும் பெயருக்குக் காத்திருப்பவர்போல அவள் முகத்தையே பார்த்தார். மறுபடியும் சொன்னாள்.

"இரும்மா, நானே சொல்றேன்." பக்கத்தில் நின்ற மகன் முன்னால் வந்து, தன் பெயரையும் நட்சத்திரத்தையும் சத்தமாகச் சொன்னான்.

அர்ச்சகர் அவன் பக்கம் திரும்பவே இல்லை. தட்டிலிருந்த சாவியைத் தொட்டுக் காட்டி, உமாராணியிடமே பொறுமையாகக் கேட்டார்.

"இது யாரு வண்டிங்கம்மா? பேரு சொல்லுங்க."